ஒரு தட்டு

எனக்குக் குளிர் ஆகாது, சார். ஐஸ் தண்ணீர் குடித்தாலே மூக்கு ஒழுகும். அப்படிப்பட்டவன் மீன் கம்பெனியின் உறைகிடங்கில் நாலு வருஷம் பத்து மாதம் வேலை பார்த்துவிட்டேன்.

என் விசா முதலாளியின் பெயரோடு ஒட்டியது. ஒரே முதலாளியிடம் ஐந்து வருஷம் முடித்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். இடம் மாறினால் கணக்கு முதலிலிருந்து. கம்பெனியை மூடினால் ஊருக்கு விமானம்தான். எனக்கு இரண்டு மாதம் பாக்கி. நான் கிளம்பும்போது வயிற்றில் இருந்த மகள் என்னை 'போன் அப்பா' என்கிறாள்.

கிடங்குக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. மேனேஜரிடம் சொன்னால், "சாமான் வந்துகிட்டே இருக்கு" என்பார். எந்தக் கப்பலில் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் நம் விசா காகிதமும் அதே கப்பலில் மாட்டிக்கொள்ளும். அதனால் நாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒருவன் உள்ளே போனால் இன்னொருவன் வெளியே நிற்க வேண்டும். உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டால் திறக்க வேண்டும்.

மச்சான் என் மனைவியின் தம்பி. நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை, கதவைப் பற்றித் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை அதிகாரி வருகிறார் என்று ஞாயிறு மதியம் சொன்னான். அன்று நாங்கள் இருவர்தான் டூட்டி.

"புகார் குடுத்தவன் வேற முதலாளிகிட்ட மாறிக்கலாமாம் மாமா. நீங்களும் கையெழுத்துப் போடுங்க."

"கம்பெனியையே மூடிட்டாங்கன்னா? எனக்கு ரெண்டு மாசம்டா. அதுவரைக்கும் வாயை மூடிட்டு இருக்க முடியாதா?"

"நீங்க அஞ்சு வருஷமா மூடித்தானே வச்சிருக்கீங்க. துருப்பிடிச்சிடப் போகுது."

எடுக்க வேண்டியது ஒரே ஒரு பெட்டிதானே என்று குளிர்ச்சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.

"மாப்ளே, வாபஸ் வாங்குறேன்னா ஒரு தட்டு தட்டு. தொறக்கிறேன்."

"சும்மா இருங்க மாமா," என்று சிரித்தான். கதவைச் சாத்தினேன். அப்போது மணி ஒன்று.

மூன்று தட்டினான். மறுபடி மூன்று. அவன் எண்ணத் தெரியாதவன் இல்லை.

நடுவில் மனைவி கூப்பிட்டாள். "தம்பி பக்கத்துல இருந்தா குடுங்க."

"உள்ள வேலையா இருக்கான்."

"அவனுக்குச் சட்டுனு சளி புடிச்சுக்கும். பாத்துக்கங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே நிற்பவன் நகரக் கூடாது. நான் நகரவில்லை.

போகப் போகத் தட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. சில முறை இரண்டோடு நின்றது. இரண்டுக்கு நாங்கள் எதுவும் பேசி வைத்திருக்கவில்லை.

நாலரை மணிக்கு ஒரே ஒரு தட்டு. தரைக்குப் பக்கத்தில், கொஞ்சம் கனமாக. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, திறந்துவிட்டேன். கதவில் சாய்ந்திருந்த அவன் தலை என் காலடியில் விழுந்தது.

கொன்றது நான்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கம்பெனியை மூடப் போவதாகச் சொல்கிறீர்களே, அதற்கு அவசியமில்லை, சார். புகாரை அவன் வாபஸ் வாங்கிவிட்டான். ஒரு தட்டு தட்டினான், நான் கேட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.