நாற்காலிக்குப் பின்னால் ஒரு திரை

ஸ்லாட்டினா காபிக்குச் சர்க்கரை போட மாட்டாள். முப்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்திய எனக்கு இது தெரியாதா, அய்யா?

பக்கவாதத்தில் என் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது, விரல்கூட அசையாது. மண்டைக்குள் சில்லு வைத்தார்கள். மனசுக்குள் தலையாட்டினாலே போதும், சக்கர நாற்காலிக்குப் பின்னால் உள்ள திரையில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று வரும். அவளால் அதைப் பார்க்க முடியாது. பொருத்திய வெளிநாட்டு இன்ஜினியர், "ஏதாவது கேளுங்க" என்றார். "சர்க்கரை போடட்டுமா?" என்றேன். 'ஆம்' என்று வந்தது. அவர் கைதட்டினார்.

கருவியைச் சோதிக்க வந்த நீங்களும் வெளிநாட்டுக்காரர், அதனால் சொல்கிறேன். எங்கள் பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை'. பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆம்'. கருவிக்கு உங்கள் ஊர்ப் பழக்கம்தான் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டினால் மாறிவிடும். நான் எலக்ட்ரீஷியன். நாளைக்குத் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் காலை விடின் ஊரிலிருந்து அவள் தங்கை பென்கா வந்தாள். பக்கவாதம் வந்த அன்று ஸ்லாட்டினா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், இந்தத் தங்கை வீட்டுக்குப் போக. முந்தின நாள் நான் அவளை அடித்திருந்தேன். முதல் தடவை இல்லை.

"அக்கா, நீ பட்டதெல்லாம் போதும். என்கூட வந்துடுறியா?" என்றாள் பென்கா.

திரையில் 'இல்லை' என்று வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது பென்கா மெதுவாகக் கேட்டாள். "இன்னுமா அவளுக்கு உங்க மேல ஆசை? என்ன மருந்து வெச்சீங்க, மாமா?"

கதவு மூடிய சத்தம் கேட்டு ஸ்லாட்டினாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தங்கை கைவிட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பாள். நான் பாவிதான், அதை மறுக்கவில்லை.

போன வாரம் புது நர்ஸ், "உங்க பேர் ஸ்லாட்டினாவா?" என்று கேட்டுத் தொலைத்தாள். 'இல்லை' என்று வந்தது. அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பொத்தானைத் தட்டிக்கொள்ளுங்கள். கருவி வந்த இந்த நான்கு வருஷமும் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். தண்ணீர், போர்வை, ஜன்னல், எதைக் கேட்டாலும் திரையில் வருவதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டுதான் செய்தேன். தினமும் முகம் துடைத்துவிட்டு, "என்னை மன்னிச்சுட்டியா?" என்று கேட்பேன். தினமும் 'ஆம்' என்று வரும். அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அவள் மன்னித்துவிட்டாள், அய்யா. அதை மட்டும் நீங்கள் திரும்பக் கேட்க வேண்டாம்.