எத்திராஜ் தன் வண்டிக்கு டைமிங் வைத்த கதை

"பெட்ரோலு இப்போ பெட்ரோலாவா கீது? இன்னாத்தையோ கலக்கறாம்மா. கரும்புச் சாறுன்றான், ஸ்பிரிட்டுன்றான்... இது எந்தக் காலத்து வண்டி, இதுக்கு அதெல்லாம் ஒத்துக்குமா? பயய சோறு துண்ணு வளந்த ஒடம்பு இது. நீ இன்னா நெனைக்கறே? வேணாம், நீ சொல்லாத. கல்யாணப் பொண்ணு பேசக்கூடாது. நானே சொல்றேன்."

எத்திராஜின் தலை பானெட்டுக்குள் இருந்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்தது. பெருநகர் கிராமத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவருடைய அம்பாசடர் பொதி சுமக்கிற மாடு மாதிரி முனகிக்கொண்டுதான் வந்தது. ஏரிக்கரை மேட்டில் ஏறியதும் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

பின்சீட்டில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக சுபாஷ்ரீ உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆண்டாளம்மாள் அத்தை, முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு நல்ல தூக்கம். மற்றவர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். சுபாஷ்ரீயின் போனும் பையோடு வேனில் போயிற்று. எத்திராஜின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண் உத்திரமேரூர் மண்டபத்துப் படி ஏறியாக வேண்டும். தப்பினால் ஆறு மணி வரைக்கும் வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார வேண்டியதுதான் என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அந்தச் சிரிப்பை சுபாஷ்ரீ கவனித்து வைத்திருந்தாள். முதல் நாளே அதற்கு ஆளாக வேண்டுமா என்றிருந்தது.

"தினகரன் இருந்தா இந்த பேஜாரே இல்ல. காஞ்சிபுரத்துல அவன வுட்டா மெக்கானிக்கே கெடையாது. காத்தால கூப்ட்டா வரமாட்டேன்றான். மச்சினிச்சிக்கு வளகாப்பாம். ஏன்டா, வளையலு நீயா போட்டுக்கப் போறேன்னு கேட்டேன். கோச்சிக்கினான். அப்புறம், சரி, போன்ல சொல்றேன், தீப்பொறி வுயற டைமிங்க நீயே வெச்சிக்கோன்னான். எனக்கு இன்னா, தெரியாதா? நெல்லறுக்கற மிஷினே என்னக் கண்டா நடுங்கும்."

சுபாஷ்ரீ கண்ணாடி வழியே வெயிலைப் பார்த்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"தோ பாரும்மா. இல்ல, எறங்காத, புடவ அழுக்காவும். அங்கருந்தே கேளு. கார்பரேட்டர்லருந்து ஒரு சின்ன ரப்பர் கொயா வருது. இஞ்சினு மூச்ச இயுக்குமில்ல, அந்த இயுப்பு இந்தக் கொயா வயியா போயி, தோ, இந்த டிஸ்ட்ரிபூட்டர் பொட்டிய லேசா அசைக்கும். வண்டி ஓட ஓட தீப்பொறி கொஞ்சம் முன்னாலயே வுயும். பந்திக்கு ஆளு வர்றதுக்குள்ள எல போட்டு வெக்கறோம் பாரு, அது மாரி. அதான் வேக்குவம். இது இல்லன்னா வண்டிக்கு இயுவையே கெடையாது, சூடு ஏறிப்பூடும். ஆனா டைமிங்கு வெக்கறப்போ மட்டும் இந்தக் கொயாய கயட்டி வாய அடச்சிடணும். இல்லாட்டி நடுவுல பூந்து குட்டைய கொயப்பும்.

"எதால அடைக்கறதுன்னு தினகரன கேட்டேன். ஆணிய சொருவுன்னான். ஏன்டா, நாளைக்கு தாலி ஏறப்போற பொண்ணு ஒக்கார்ற வண்டி, அதுல இரும்பாணியா? எங்க வூட்டுக்காரி லீலாவதி தாம்பாளத்துலருந்து ஒரு வெரலி மஞ்சா எடுத்தாந்து குட்த்தா. அளவெடுத்தாப்பல ஒக்காந்துச்சி. சாமிய கும்ட்டுத்தான் சொருவனேன். அப்புறம் டிஸ்ட்ரிபூட்டர இப்டி ஒரு நூலு, அப்டி ஒரு நூலு திருப்பி... காதாலயே கேட்டு வெச்சேன். தாளம் தப்பல. போன்ல கேட்டுக்கினு இருந்த தினகரனே சபாஷ்ன்னான். இப்போ அடைப்ப எடுத்துட்டு கொயாய மாட்டுன்னான்."

எத்திராஜ் தலையை வெளியே எடுத்தார். மூக்கில் கரி.

"எடுப்பனா நானு? மங்களமா வெச்சத கல்யாணம் முடியறதுக்குள்ள புடுங்கலாமா? ஒங்கையில காப்பு கட்டிக்கீறாங்களே, அத இப்ப அவுப்பியா? அதே ஞாயம்தான் வண்டிக்கும். கெடக்கட்டும், தாலி கட்டி முடிச்சப்புறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன். இதெல்லாம் தினகரனுக்கு இன்னா தெரியும்?"

சுபாஷ்ரீ மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இவ்வளவையும் விளக்கமாகச் சொல்லிவிட்டு, பெட்ரோலைத் திட்டுகிற மனிதரை என்ன செய்வது? மெல்லிய குரலில் அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆமாம்மா, நல்ல மஞ்சா. ஈரோட்டுது."

இன்னொரு முறை வாய் திறந்தாள்.

"அதில்லம்மா, நான் சொல்லக்கூடாது, ஒங்க அத்த ஏறறப்பவே வண்டி ஒரு பக்கமா சாஞ்சிச்சி. பெரிய மனுசி, எறக்கியும் வுட முடியாது. வண்டிக்கும் ஒரு மனசு கீதில்ல? சரி, கால்வாயில தண்ணி மொண்டாறேன். நீ பயந்துக்காத, நான் பேசிக்கினே போறேன். எங்க பாட்டன் காலத்துல இந்த ஏரி..."

கேனோடு அவர் சரிவில் இறங்கினார். குரல் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.

சுபாஷ்ரீ புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பானெட்டுக்குள் ரப்பர் குழாய் தொங்கியது. அதன் வாயில் மஞ்சள், சூப்புகிற விரல் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிடுங்கி இடுப்பில் செருகினாள். அவர் காட்டிய டிஸ்ட்ரிபூட்டர் பெட்டியில் சும்மா கிடந்த சின்ன மூக்கில் குழாயை அழுத்தினாள். சரியாகப் பொருந்தியது. மருதாணிக் கையில் கிரீஸ் ஒட்டியது.

அப்போதுதான் பஸ் ஹாரன் கேட்டது. இனி கார் ஓடலாம். ஆனால் ரேடியேட்டர் ஆற வேண்டும். போதாததற்கு, கீழே பாட்டன் கதையில் இப்போதுதான் முதல் ஏர் பூட்டியிருந்தார்கள். அத்தையை உலுக்கினாள். அத்தை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுபாஷ்ரீ நடு ரோட்டில் நின்று கை நீட்டினாள்.

கண்டக்டர் பட்டுப்புடவையையும் நெற்றிச்சுட்டியையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கீரைக்கட்டு வைத்திருந்த பெண் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு, "மாப்புள புடிக்கலியா?" என்று ரகசியமாகக் கேட்டாள். சுபாஷ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊர் எல்லையில் பின்னாலிருந்து ஒரு ஹாரன். அம்பாசடர், புது வண்டி மாதிரி, பூச்சரம் பறக்க பஸ்ஸைத் தாண்டிப் போயிற்று. எத்திராஜ் ரோட்டைப் பார்த்தபடி ஒற்றைக் கையால் ஓட்டினார். இன்னொரு கை பேச்சுக்குத் தோதாக ஆடியது. பின்சீட்டில் முந்தானை மூடிய தலை ஒன்று சாய்ந்து கிடந்தது.

சுபாஷ்ரீ ஓட்டமும் நடையுமாக மண்டபத்துக்கு வந்தபோது மேளம் காரைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு பின்கதவருகே காத்திருந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆண்டாளம்மாள் அத்தை இறங்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம்.

சுபாஷ்ரீ வலது காலை எடுத்து வைத்துப் படியேறினாள். வாசல் கடிகாரத்தில் நாலரைக்கு முள் இன்னும் வரவில்லை.

கார் பக்கமிருந்து எத்திராஜின் குரல் மேளத்தையும் மீறிக் கேட்டது.

"பொண்ணு உள்ளதாம்மா கீது, பாருங்க. வர்ற வயியெல்லாம் நான் எவ்ளோ பேசனேன், ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அவ்ளோ அடக்கம்."