தலைகீழாக நின்ற பிரிட்ஜ்

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். "பிரிட்ஜை ஒரு நாள் முழுக்க தலைகீழா நிறுத்தி வச்சேன்" என்று ஒருத்தி சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மனைவி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஐயோ, எதுக்குடி?" என்றாள் கூட வந்த அக்காள்.

"மண்ணெண்ணெய்ல ஓடுற பிரிட்ஜு, அக்கா. அடியில வெளக்கு எரியுது, உள்ள குளிரவே இல்ல. திரிய வெட்டினேன், புகைக்குழாய்ல இருந்த கரிய தட்டினேன். ஒண்ணும் ஆகல. இவரு, 'தடுப்பு மருந்த அனுப்ப வேணாம்னு சொல்லிடுறேன், வச்சா கெட்டுப்போயிரும்'னாரு. பக்கத்துத் தோட்டத்துல தொண்டை அடைப்பான் வந்து புள்ளைங்க செத்துப்போச்சுங்க. எப்படிக்கா விடுறது?"

"அதுக்குக் கவுத்துறதா?"

"உள்ள குழாய்ல ஓடுற தண்ணி சில நேரம் அடைச்சுக்குமாம். கவுத்து வச்சா எளகி வருமாம். கொத்மலையில இருந்தப்ப பக்கத்து வீட்டுல செஞ்சாங்க, பாத்திருக்கேன். வெளக்க அணைச்சிட்டு நானும் அவருமா புடிச்சுக் கவுத்தோம். அப்புறம் நிமித்தி வச்சு, கொஞ்சம் பொறுத்துப் பத்தவச்சேன். விடிஞ்சு பாத்தா தட்டுல ஐஸ் கட்டியிருக்கு."

"இப்ப எங்க போறே?"

"ஸ்டேஷனுக்கு. மருந்து ரயில்ல வருது. புள்ளைங்கள கூட்டிட்டு வரச்சொல்லி லயத்து வீடுகள்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஊசின்னா ஓடிருவாங்களே?"

"மொத ஊசி என் மகனுக்கு. அவங்க கண்ணு முன்னாடியே போடச் சொல்லியிருக்கேன்."