பொம்மையின் பிரஷர்

— சார், ஷூவைக் கழட்டிட்டுப் படுங்க.

— ஏம்மா, பொம்மைக்கு மட்டும் ஷூ கழட்டுவீங்களா?

— பொம்மைக்கு ஷூவே கிடையாது சார்.

— கிளார்க் சார், கழட்டுங்க. பெட்ஷீட் நேத்துதான் துவைச்சு வந்தது, சரியா?

— மேடம், நான் ஆபீஸ்ல உக்காந்து சீல் குத்துறவன். என்னைப் போயி நோயாளின்னு படுக்க வெக்கிறீங்க. வீட்ல சொன்னா சிரிப்பாங்க.

— பிரஷர் பாத்துப் பழகுற பொம்மை ரிப்பேருக்குப் போயிருக்கு. இந்தப் பொண்ணுக்குப் பன்னெண்டு மணிக்குள்ள தேர்வை முடிக்கணும். பத்து நிமிஷம் படுங்க, சரியா?

— வேலை நேரத்துல படுங்கன்னு மேலிடமே சொல்லுது. இருவத்தாறு வருஷ சர்வீஸ்ல இதான் மொத தடவை.

— நீ கேட்டுக்கோ. பழைய யுனிவர்சிட்டில ரெண்டு வருஷம் நர்சிங் படிச்சிருக்க. அந்தப் பாடமெல்லாம் இங்க வேற பேர்ல, வேற கணக்குல இருக்கு. இந்த ஒரு தேர்வுல தேறினா நேரா மூணாவது வருஷம். தேறலைன்னா மொத வருஷத்துலேருந்து, சரியா?

— சரிங்க மேடம்.

— மொத வருஷமா? பாவம் மேடம். அதுங்கள்லாம் இப்பதான் பள்ளிக்கூடத்துலேருந்து வந்திருக்குதுங்க.

— நோயாளி சிபாரிசு பண்ணக்கூடாது. நீ சொல்லு, எதுக்கு யுனிவர்சிட்டி மாறுற? ஃபார்ம்ல ‘சொந்தக் காரணம்’னு எழுதியிருக்க.

— அங்க சண்டை மேடம்.

— காதல் விவகாரமாம்மா?

— இல்ல சார், பிரஷர் விவகாரம். வார்டுல முப்பத்திரண்டு பேரு. காலைல எல்லாருக்கும் நூத்தி இருபதுக்கு எண்பதுன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நான் ஒவ்வொருத்தர் கையிலயும் பட்டையைச் சுத்திப் பாத்து எழுதினேன். ஒரு மணி நேரம் லேட்டாச்சு. சீனியருங்களுக்குப் பிடிக்கல.

— முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே பிரஷரா? ஒரே வயித்துல பொறந்ததுங்களுக்கே இருக்காதேம்மா!

— அதையேதான் சார் நானும் கேட்டேன். அன்னிலேருந்து ஞாயித்துக்கிழமை டியூட்டி பூரா எனக்குத்தான். மார்க்கும் கொறைஞ்சுது. இங்கயும் மொத வருஷம்னா அப்பா படிப்பையே நிறுத்திடுவாரு மேடம். ‘ஒரே பாடத்தை எத்தனை தடவைடி படிப்ப?’ன்னு கேட்டுட்டாரு. எனக்கு பயமா இருக்கு.

— பயந்தா நேரம்தான் போகும். ஆரம்பி.

— சார், இடது கையை நீட்டுங்க. இறுக்கமா இருக்கும்.

— இருக்கட்டும், இருக்கட்டும். என் பேண்ட்டும்தான் இறுக்கமா இருக்கு.

— கொஞ்சம் பேசாம இருங்க சார்.

— முடிஞ்சுதா? எவ்வளவு?

— இன்னொரு தடவை பாத்துக்கறேன் மேடம்.

— ரெண்டாவது தடவைக்கு ரெண்டு மார்க் போயிடும், சரியா?

— போகட்டும் மேடம்.

— இப்போ எவ்வளவு?

— நூத்தித் தொண்ணூத்தி நாலுக்கு நூத்திப் பதினெட்டு.

— தப்பு.

— மேடம்?

— விடைக்குறிப்புத் தாள்ல நூத்தி இருபதுக்கு எண்பது. அஞ்சு கூடலாம், அஞ்சு கொறையலாம். நீ எழுபத்தி நாலு தள்ளி நிக்கிற.

— மேடம், அது பொம்மையோட பிரஷர்.

— ஆமாம்மா, அந்தத் தாளை நான்தான் டைப் அடிச்சேன். பொம்மை வரும்போதே நூத்தி இருபதுல வெச்சுதான் வந்துச்சு.

— ஆனா இப்போ படுத்திருக்கிறது நீங்க சார்.

— தாள்ல ‘நோயாளி’ன்னுதான் இருக்கு, யாருன்னு இல்ல. தாளை மாத்தணும்னா கமிட்டி கூடணும். கமிட்டி அடுத்த மாசம். நான் என்ன பண்ணட்டும்?

— என்னைக் கேட்டா, நூத்தி இருபதுன்னு எழுதிட்டுப் போயிடும்மா. என் பிரஷர்தானே, எனக்கு ஆட்சேபணை இல்ல.

— எழுத மாட்டேன் சார்.

— ரெண்டு வருஷம் போயிடும்மா!

— தெரியும் சார். உங்களுக்குத் தலை ஏதாவது வலிக்குதா?

— பேச்சை மாத்தாத. எழுதறியா, இல்லையா?

— எழுதிட்டேன் மேடம், நூத்தித் தொண்ணூத்தி நாலுன்னு. நீங்க தேறலைன்னு போட்டுக்கோங்க. ஆனா ஒரே ஒரு தடவை நீங்களே பாத்துட்டுப் போடுங்க.

— வாயைப் பாரு. நகரு அந்தப் பக்கம்.

— ஆளாளுக்கு மாத்தி மாத்தி அமுக்கினா என் கை என்னத்துக்கு ஆகும் மேடம்?

— பேசாதீங்க.

— என்ன மேடம், மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— கிளார்க் சார், நீங்க பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?

— போன வருஷம் குடுத்தாங்க. நல்லாத்தானே இருக்கோம்னு நிறுத்திட்டேன்.

— எழுந்துக்காதீங்க. ஹலோ, நர்சிங் லேப்லேருந்து பேசறேன். டாக்டரை அனுப்புங்க, ஸ்ட்ரெச்சரோட. இப்பவே. அய்யோ, பொம்மைக்கு இல்லங்க, ஆளுக்கு!

— எனக்கா ஸ்ட்ரெச்சர்? எல்லாரும் வேடிக்கை பாப்பாங்களே மேடம்.

— பாக்கட்டும். நீ தாளைக் குடு. தேறிட்ட. கமிட்டி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். தப்பு என் பேர்ல.

— மேடம்... எனக்கு அழுகையா வருது.

— அப்புறம் அழு. ஃபார்ம்ல இவர் கையெழுத்து வேற இருக்கணும். சரி, அதை வேற ஏதாவது வழி பண்ணிக்கலாம்.

— என்ன வழி? பன்னெண்டு அடிச்சா ரிஜிஸ்டர் மூடிடும், இந்த வருஷமே போயிடும். சட்டம் எனக்குத் தெரியாதா? பேனா குடும்மா, படுத்துக்கிட்டே போடறேன்.

— வேணாம் சார், அசையாம இருங்க.

— ஒரு கையெழுத்துல உசுரா போயிடும்? குடும்மா.

— இந்தாங்க சார். இங்க, இந்தக் கோட்டு மேல.

— ஆச்சு. போயி மூணாவது வருஷத்துல உக்காரு, போ.

— சார், நீங்க இன்னும் போடலையே.

— இப்பதானேம்மா போட்டேன்.

— பேனா கீழ விழுந்து கெடக்கு சார். உங்க கை அசையவே இல்ல.

— எங்க விழுந்துது? என் கையிலதானே இருக்கு.