மூடிக்கு ஏறிய மண்புழுக்கள்

– மூக்கைப் பொத்தாம இங்க வந்து பாரு.

– பாக்க வேற செய்யணுமா? நாத்தம் அடுப்படி வரைக்கும் வந்தாச்சுங்க.

– காய்த்தோல் போட்டா மேல காஞ்ச இலை தூவச் சொன்னேன்ல?

– ஒரு கூடை தூவினேங்க!

– அப்புறம் ஏன் இந்த மண்புழு எல்லாம் மூடிக்கு ஏறி உக்காந்திருக்கு? வீட்டைக் காலி பண்ற மாதிரி?

– வெயிலா இருக்கும்...

– உரத்தொட்டி நிழல்லதானே இருக்கு! அந்தக் குச்சியக் குடு, கிளறிப் பாப்போம்.

– ஐயோ, வேணாங்க! நாளைக்குச் சாப்பாட்டுக்கடை வைக்க வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போடப் போறீங்க. இன்னிக்குப் போய் குப்பையக் கிளறிக்கிட்டு...

– நகரு... இது என்ன, வட்டமா, கருப்பா?

– உடைஞ்ச பூந்தொட்டி ஓடுங்க.

– ஓட்டுல என் விரல் தடம் எப்படி வந்துச்சு? அடியே... இது நான் போன வாரம் சுட்ட ரொட்டி!

– அதைக் கீழ போடுங்க, கை நாறும்.

– இன்னொண்ணு வைங்கன்னு கேட்டு வாங்கினியே!

– வாங்கினேன்... மடியில வெச்சுக்கிட்டேன்.

– ஒரு வாரமாகியும் அப்படியே இருக்கே! அழுகின முட்டைக்கோஸைத் தின்னுற புழு, என் சமையலைப் பாத்து மூட்டை கட்டுது!

– சிரிக்காதீங்க. எனக்கு அழுகை வருது.

– சமைச்சதைப் போட்டா நாறும்னு தெரியாதா உனக்கு?

– தெரியும். குப்பை வண்டியில போட்டா நீங்க பாத்துடுவீங்களே.

– வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?

– எப்படிங்க சொல்ல? வேலை போனதுல இருந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. கரண்டியப் பிடிச்ச அப்புறம்தான் சிரிக்கவே ஆரம்பிச்சீங்க.

– அதுக்காக என்னைக் கடை போட விடுவியா? வர்றவன் அடிக்க மாட்டான்?

– அதான் தூக்கமே இல்ல. இன்னிக்கு எப்படியாவது சொல்லிடணும்னுதான்... ஏங்க, ஒரு நிமிஷம். அந்த அடியில இருக்கறது என்ன?

– எது? ஒண்ணுமில்ல. மூடிடுவோம்.

– இருங்க. அது பீன்ஸ். உப்பு அள்ளிக் கொட்டின பீன்ஸ். அதை நான் தண்ணி குடிச்சுக் குடிச்சு முழுங்கிட்டேனே...

– நாத்தம் தாங்கல, உள்ள போலாம் வா.

– நான் போட்டது ரொட்டி மட்டும்தாங்க. பீன்ஸ் யாரு போட்டது?

– நீ பாட்டுக்கு அருமை அருமைன்னு சாப்பிட்டியா... சரி, எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சு, தினமும் என் தட்டை இங்கதான் கொட்டினேன்.