விராலுக்குக் கொண்டுபோன தவளை

"மூடிய லேசாத் திறந்து வையும்வே, தவளைக்கு மூச்சு முட்டும்."

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் மூங்கில் தூண்டிலோடு இருந்தவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. கையில், மச்சினன் சவுதியிலிருந்து கொண்டுவந்த ரீல் வைத்த தூண்டில். பஸ் ஏறியதிலிருந்து அவருக்கு அந்தத் தூண்டில் கவலைதான்.

"ஈரத்துணி சுத்தித்தான் வச்சிருக்கேன், ஒண்ணும் ஆவாது. இந்தத் தூண்டில் தாங்குமான்னு சொல்லும். தண்ணி மேல தவளைய இழுத்துட்டு வரும்போது விரால் கவ்விச்சுன்னா, நான் ரீலச் சுத்தி முடிக்கதுக்குள்ள தாமரைக்கொடிக்குள்ள போயிரும்லா?"

"அதான் மூங்கில எடும்ங்கேன். கவ்வுனதும் ஒரே தூக்கு, கரையில கெடக்கும். முதல்ல மூடியத் திறயும்."

திறந்தார். உள்ளே தேங்காய்ச் சோறு.

டப்பாக்காரர் மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி டப்பாவே. எங்க கல்யாணத்துக்கு வந்தது."

"அப்ப உம்ம வீட்டம்மா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு இருவது. பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிச்சிருவாங்க."

"பயப்படாதயும். டீச்சர் திறந்ததும் ஒரு கத்து கத்துவாவ. சாயங்காலம் சமாதானம் பண்ணிக்கிடலாம்."

"அவ எங்கவே திறக்கா? இன்னைக்குப் பெரிய டீச்சருக்குப் பிறந்தநாளு. டப்பாவோட அவங்க கையில குடுக்கணும்னுதான் அஞ்சு மணிக்கே எந்திச்சுச் சோறு கிண்டுனா."