ஆறு பேருக்கு ஒரு சஹன்

தலைமை வகிக்கும் அதிபர் நாகரெத்தினம் ஐயா அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, கொக்கட்டிச்சோலையிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு முன் பேசிய நால்வரும் வனைகலை வித்தகர் கோணாமலை அவர்களைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். மன்னிக்க வேண்டும். பதினாறு ஆண்டுகள் அவருடைய பட்டறையில் மட்பாத்திரங்களுக்கு மெருகு பூசியவள் நான். அங்கே பொறுமை யாருக்கு இருந்தது? எனக்கு இருந்தது. அவருக்கு இருந்தது பிடிவாதம்.

சென்ற ஆண்டு என் தங்கை மகள் ஷஸ்னாவின் கலியாணம். எங்கள் விருந்துகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தப் பெரிய தட்டை மண்ணில் செய்து தருவீர்களா என்று நான்தான் கேட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

பன்னிரண்டு செய்தார். உன்னிச்சைக் குளத்து மண். விளிம்பில் எங்கள் பாய்ப்பின்னல், உள்ளே உங்கள் வயல்வட்டையின் நெற்கதிர். எனக்குக் கண் கலங்கியது. அவருக்கு யோசனை வந்தது.

"தங்கச்சி, சோத்தப் போட்டு ஆறு பேர இருத்திப் பாப்பமா?"

இருத்தினோம். சோறு நடுவில் தேங்கியது. வாப்பாவின் தம்பியான என் சாச்சா கை குட்டையானவர். எட்டி எட்டி எடுத்தார். அவ்வளவுதான்.

"இது சரிவராது. ஆரும் எட்டி எடுக்கப்படாது. மறுகா செய்து தாறன்."

"கலியாணத்துக்கு ஒன்பது நாள்தான் கிடக்கு, அண்ணன்."

"ஓம். அதுக்கிடையில செய்வன்."

பன்னிரண்டையும் என் கண் முன்னால் உடைத்தார். புதிதாக வனைந்தார். மழை விடவில்லை, மண் சரியாகக் காயவில்லை. சூளையில் பத்து வெடித்தன. தப்பியவை இரண்டு. மீதிப் பந்திக்கு வாடகைத் தட்டு தேடி ஏறாவூர் முழுக்க அலைந்தவள் யார்? நான்.

அந்த இரண்டிலும் நடுவில் மெல்லிய மேடு. சோறு தானாகச் சரிந்து ஆறு பக்கமும் வந்தது. சாச்சா சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். தாம் இப்போது எட்டி எடுக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. பந்தலின் ஓரத்தில் நின்ற கோணாமலை அண்ணன் கவனித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கலியாணம் முடிந்த பிறகும் மீதிப் பத்தையும் செய்வேன் என்றார். இனி எதற்கு என்றேன். கேட்டாரா? மூன்று வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை, அந்தப் பத்தையும் சூளைக்குள் அடுக்கும்போது நெஞ்சு நோகிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன். "மறுகா போவம், தங்கச்சி. இத அடுக்கி முடிக்கட்டும்" என்றார். முடித்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. இப்படிப்பட்ட மனிதரோடு யார் வழக்காடி வெல்வது?

இப்போது பட்டறையைப் பூட்டி நினைவிடமாக்கலாம் என்று இந்த மேடையில் சொன்னார்கள். பூட்டினால் சூளைக்குள் இருப்பதை யார் சுடுவது? பட்டறைச் சாவியை நீட்டி, அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை அக்காவிடம் கேட்டேன். "திறப்பு உன்னட்டயே கிடக்கட்டும் புள்ள" என்றார்.

எனவே, வருகிற ஞாயிறு காலை நான் சூளை மூட்டுகிறேன். எத்தனை வெடிக்குமோ தெரியாது. எல்லாம் வெடித்தாலும் மறுபடி வனைவேன். சக்கரத்தில் மண் எனக்கு இன்னும் நேராக நிற்பதில்லை; பழகிக்கொள்வேன். வர விரும்புகிறவர்கள் மாலை கொண்டுவர வேண்டாம், விறகு கொண்டு வாருங்கள்.

கோணாமலை அண்ணன், உங்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அந்தக் கோபத்தோடுதான் வேலைக்கு வருகிறேன்.